முன்சக்கரம் ஏன் தூக்குகிறது

போன மாதம் எங்கள் பழைய பயிற்சி மையத்திலிருந்து இரண்டு இளைய பயிற்றுநர்கள் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள். காப்பி குடித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்கள். டிராக்டர் ஓட்டக் கற்க வருகிறவர்களுக்கு முதல் நாளே 'மோட்டிவேஷன்' கொடுக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லியிருக்கிறார்களாம். அதற்கென்று ஒரு வகுப்பு. நான் வந்து பேசவேண்டும் என்றார்கள்.

"எதைக் குடுக்கணும்னு சொன்னீங்க?" என்றேன்.

"ஊக்கம் சார். கத்துக்கணுங்கிற ஆர்வம்."

வரமுடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் முகம் வாடியது. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் கற்க வந்தவர்களில் வெறுமனே வந்தவர் என்று ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஒவ்வொருவரும் ஒரு காரணத்தோடு வந்தார்கள். பெரும்பாலும் அதை மறைத்துக்கொண்டு வந்தார்கள்; கேட்டால் வேறொன்றைச் சொன்னார்கள். மறைத்துவைத்த அந்தக் காரணம்தான் ஓர் ஆள் எதைப் பார்ப்பார், எது அவர் காதில் விழாது, எந்த இடத்தில் கற்பதை நிறுத்திக்கொள்வார் என்பதையெல்லாம் முடிவு செய்தது. கல்வியைப் பற்றி நான் நிறையப் புத்தகங்கள் படித்திருக்கிறேன். ஆனாலும் இதை நான் தெரிந்துகொண்டது ஒரே ஒரு பயிற்சி அணியிடமிருந்து, அதிலும் ஒரே ஓர் ஆளிடமிருந்து.

ஆண்டு விஷயத்தில் நான் கவனமானவன். ஆளுங்கட்சி இரண்டாகப் பிரிந்ததற்கு அடுத்த ஆண்டு அது. மாநிலத்தில் சாராயக் கடைகள் திறந்துவிடப்பட்டு, மறுபடி மூடப்படாமல் இருந்த காலம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் ஆண்டைக் கண்டுகொள்ளலாம். மாதம் ஆனி. வாய்க்காலில் தண்ணீர் வந்து, பயிற்சி வயலில் சேற்றுழவு தொடங்கியிருந்த நேரம். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சாராயக் கடையை ஏன் குறிப்பிட்டேன் என்பது பின்னால் விளங்கும்.

என் சொந்தப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தொழிற்பயிற்சி நிலையம், பிறகு வடக்கே ஒரு மையத்தில் சில மாதங்கள், சப்பாத்தி, பாதி புரிந்த இந்தி, ஒரு சான்றிதழ். சர்க்கார் வேலை கிடைக்கவேண்டும் என்று படித்தேன். ஆகவே தேர்வில் எதைக் கேட்பார்களோ அதைப் படித்தேன். எஞ்சினைக் கழற்றி மாட்டுவேன். அது ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்று யாராவது கேட்டால் கொஞ்சம் எரிச்சல் வரும். தஞ்சாவூருக்கு மேற்கே இருந்த மையத்தில் பயிற்றுநராகச் சேர்ந்தபோது நான் இப்படித்தான் இருந்தேன்.

அங்கே எனக்கு மேலதிகாரி உதவிப் பொறியாளர் சபாபதி. ஒல்லியான, உயரமான மனிதர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கையில் எப்போதும் ஒரு பிடி பஞ்சு வேஸ்ட் இருக்கும். பேசும்போது விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே பேசுவார். அழுக்கு இல்லாதபோதும் துடைப்பார். எவர் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்வது அவர் சுபாவத்தில் கிடையாது. "ஆயில் பாத்தாச்சு சார்" என்று நான் சொன்னால், "சந்தோஷம்" என்பார். சொல்லிவிட்டு அளவுக் கம்பியை உருவி அவரே ஒருதரம் பார்ப்பார். முதல் வாரத்தில் இது எனக்கு அவமானமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு எனக்கே அந்த வியாதி ஒட்டிக்கொண்டது.

அவர் வகுத்திருந்த முறை இது. காலையில் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் பயிற்சியாளர் இடப்பக்கத்தில் தொடங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். எதைப் பார்க்கிறாரோ அதைத் தொட்டுப் பெயர் சொல்லவேண்டும். தொடாமல் சொன்னால் செல்லாது. முந்தின நாள் சாயங்காலம் எல்லாரும் போனபிறகு சபாபதி சார் வண்டியில் ஏதாவது ஒரு கோளாறை வைத்துவிட்டுப் போவார். பேட்டரி முனை தளர்ந்திருக்கும், அல்லது இழுவைக் கம்பியின் ஊசி இருக்காது. காலையில் அதை யார் கண்டுபிடிக்கிறார் என்று கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்று பார்ப்பார். கண்டுபிடித்தவரைப் பாராட்டமாட்டார். "இதை எதுக்குப் பாத்தே?" என்று மட்டும் கேட்பார். அது பாராட்டா குற்றச்சாட்டா என்று தெரியாமல் பயிற்சியாளர்கள் விழிப்பார்கள்.

"கேள்வி கேட்டா பொய் சொல்லுவாங்கப்பா," என்றார் என்னிடம் ஒருமுறை. "ஆளு வண்டிக்கு எந்தப் பக்கம் நிக்கிறான்னு பாரு. அவன் எதுக்கு வந்திருக்கான்னு அங்க தெரியும்."

அந்த ஆனி அணியில் இரண்டு பேரைப் பற்றிச் சொன்னால் போதும்.

ஒருவர் துரைராஜ். மிராசுதார் வீட்டுப் பிள்ளை. கடிகாரம் கட்டிய கையைச் சேற்றில் வைக்க யோசிப்பார், மற்றபடி கலகலப்பானவர். எதற்குக் கற்க வந்தார் என்பதை மறைக்காத ஓர் ஆள் அவர்தான். "இனிமே நடவுக்கு முன்னாடி எவன் வீட்டு வாசல்லயும் போயி நிக்கக் கூடாது சார்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆகவே வேகம், திருப்பம், எத்தனை ஏர் செய்கிற வேலையை இந்த ஒரு வண்டி செய்யும் என்பது, இவை அவருக்குச் சட்டென்று ஏறின. எஞ்சின் சத்தம் மாறுவது அவர் காதில் விழவே விழாது. வண்டிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கும் பழக்கத்தைக் கடைசிவரை என்னால் அவருக்கு உண்டாக்க முடியவில்லை. ஆட்களே வேண்டாம் என்பதற்காகக் கற்கிறவர் ஆளைத் தேடித் திரும்பிப் பார்ப்பாரா?

மற்றவர் காத்தையன். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஊர். ஆதிதிராவிடர்களுக்கு ஒதுக்கிய இடத்தில் வந்தவர். முப்பதை ஒட்டிய வயது, கூலிவேலை. "எதுக்கு வந்தே?" என்று சபாபதி சார் கேட்டபோது, "வேலைக்குங்க" என்றார். சபாபதி சார் சுண்டுவிரலைத் துடைத்துக்கொண்டே, "சந்தோஷம்" என்றார்.

அந்த நாட்களில் டிராக்டரை யாரும் வெறும் வண்டியாகப் பார்க்கவில்லை என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். கீழத்தஞ்சையில் கூலித் தகராறுகள் ஓய்ந்தபாடில்லை. ஒரு வீட்டில் டிராக்டர் வந்து இறங்கினால், யார் யாருக்கு இனி உழவு இல்லை என்று தெருவில் பேச்சு தொடங்கும். தெருவில் நாலு பேர் கூடிப் பேசினால், டீசல் டேங்கில் மண்ணைப் போடப்போகிறார்கள் என்று மிராசுதார் காவலுக்கு ஆள் வைப்பார். இரண்டு தரப்புமே எங்களை நம்பவில்லை. சர்க்கார் காசில் சங்கத்து ஆட்களுக்கு வண்டியைப் பழக்குகிறோம் என்றார்கள் ஒரு பக்கம். கூலிக்காரன் வயிற்றில் அடிக்கப் பழக்குகிறோம் என்றார்கள் மறுபக்கம்.

காத்தையன் நின்ற இடம்தான் முதலில் என் கண்ணில் பட்டது. எல்லாரும் ஓட்டுநர் இருக்கையைச் சுற்றி மொய்ப்பார்கள். அவர் வண்டிக்குப் பின்னால், பின் அச்சுக்கு நேரே போய் நிற்பார். உட்காரச் சொன்னால் உட்கார்ந்து ஓட்டுவார், சுமாராக ஓட்டுவார், இறங்கியதும் பழையபடி பின்னால் போய்விடுவார். பெரிய சக்கரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார்.

துரைராஜ் விடமாட்டார். "என்ன காத்தையா, பொழுதன்னிக்கும் பின்னாடியே நிக்கிற? மாட்டு வாலப் புடிச்ச பழக்கமா?"

"முன்னாடி நின்னா நீங்க ஏத்திப்புடுவீங்களே, அதாங்க," என்றார் காத்தையன். கொட்டகையே சிரித்தது. துரைராஜும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

சபாபதி சார் வைத்த கோளாறுகளில் பின் அச்சுக்குப் பக்கத்தில் வைத்ததை எல்லாம் காத்தையன் கண்டுபிடித்தார். முன்பக்கம் வைத்ததில் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. கேள்விகளும் அப்படியே. டீசல் எவ்வளவு குடிக்கும், லைசென்சுக்கு எங்கே போகவேண்டும் என்று எல்லாரும் கேட்பதை அவர் கேட்டதில்லை. "சார், முன்சக்கரம் எதனால தூக்குது?" என்று கேட்டார். இரண்டு நாள் கழித்து, "தூக்க ஆரம்பிச்சா, முழுசாக் கவுர்ற வரைக்கும் எவ்வளவு நேரம் இருக்கும்?" பிறகு, "மேல உக்காந்திருக்கவனுக்குத் தெரியுமா? இல்ல, கீழ நிக்கிறவனுக்குத்தான் முதல்ல தெரியுமா?"

நான் பாடத்தில் இருந்த பதிலைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு உறுத்தியது. டிராக்டரை ஓட்டக் கற்கிற ஓர் ஆள் அது கவிழ்வதைப் பற்றி மட்டும் ஏன் கேட்கவேண்டும்?

எனக்கு உறுத்தியது துரைராஜுக்கும் உறுத்தியிருக்கிறது. அவர் நேரே சபாபதி சாரிடம் போய்விட்டார். "வண்டிய எப்படிக் கவுக்குறதுன்னு கத்துக்க வந்திருக்கான் சார். அவன் ஊர்ப் பக்கம் என்னென்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாததா? நாளைக்கு எங்க வண்டியில எவனாவது செத்தா, கத்துக்குடுத்தது நீங்கன்னு ஆயிடும்."

அன்று மாலை சபாபதி சார் என்னைக் கூப்பிட்டார். ஒன்பது விரல்களைத் துடைத்து முடிக்கும் வரை பேசவில்லை.

"அடுத்த சனிக்கிழமைக்குள்ள அவன் எதுக்குக் கத்துக்கிறான்னு எனக்குத் தெரியணும்," என்றார். "தெரியலன்னா அணியிலேர்ந்து எடுத்துடுறேன். ஸ்டேஷனுக்கும் எழுதிடுறேன்."

அந்தக் காலத்தில், அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூலிக்காரரைப் பற்றிச் சர்க்கார் அலுவலகம் காவல் நிலையத்துக்கு எழுதினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. விசாரணை என்று உள்ளே போனால், எந்த வழக்கில் வெளியே வருவார் என்று யாருக்கும் தெரியாது.

நான் கண்காணிக்கத் தொடங்கினேன். அவர் பையைத் தொடவில்லை. அந்த அளவுக்கு இறங்கவில்லை. ஆனால் யாரோடு பேசுகிறார், சாயங்காலம் கடைத்தெருப் பக்கம் போனால் எங்கே நிற்கிறார் என்றெல்லாம் கவனித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே எனக்குச் சந்தேகத்தை வளர்த்தது.

வியாழக்கிழமை சேற்றுழவுப் பயிற்சி. சேற்றில் பிடிமானத்துக்காக இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய வண்டியை வயலில் இறக்கி மாற்றி மாற்றி ஓட்டினார்கள். துரைராஜ் முறை வந்தது. வரப்பு மூலையில் மெதுவாகத் திருப்பு என்று நான் கத்தியது அவர் காதில் விழவில்லை. வண்டி மூலையில் போய் அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது. சக்கரம் சும்மா சுழன்று சேற்றை வாரி இறைத்தது.

அப்போது என்ன செய்வார்கள் என்பது டெல்டாவில் டிராக்டர் பார்த்த எல்லாருக்கும் தெரியும். சவுக்குக் கட்டை ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டு பெரிய சக்கரங்களுக்கும் குறுக்கே வைத்துச் சங்கிலியால் கட்டுவார்கள். சக்கரம் சுற்றும்போது கட்டை அடியில் போய்ப் பிடிமானம் கொடுக்கும். வண்டி அதன்மேல் ஏறி வெளியே வரும். எந்தப் பாடப்புத்தகத்திலும் இது கிடையாது. எங்கள் சேற்றிலேயே பிறந்த வைத்தியம். பத்துத் தடவையில் ஒன்பது தடவை பலிக்கும். சபாபதி சார் இதைத் தடைசெய்திருந்தார். ஆனால் அவர் அப்போது வயலில் இல்லை.

"யாராச்சும் கட்டைய எடுத்தாங்கடா," என்றார் துரைராஜ் இருக்கையில் இருந்தபடியே. வரப்போரம் ஒரு சவுக்குக் கட்டை கிடந்தது. ஒருவர் அதை எடுக்கக் குனிந்தார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் காத்தையன் ஓடிப்போய் அந்தக் கட்டையைப் பிடுங்கினார். பிடுங்கிச் சேற்றில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். கால் இரண்டையும் பரப்பி, கட்டையைக் கையால் இறுக்கிப் பிடித்தபடி.

"எந்திரிடா," என்றார் துரைராஜ்.

"மாட்டேங்க."

"வண்டி உள்ள போயிக்கிட்டிருக்கு, எந்திரிடாங்கிறேன்."

"போவட்டும்."

துரைராஜ் என்னைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டீங்களா சார்? போவட்டுமாம். வண்டி முழுகணும்னுதான் ஒக்காந்திருக்கான்."

வண்டியை வேறு டிராக்டர் கொண்டு கயிறு கட்டி இழுத்து எடுத்தோம். காத்தையனை நான் வாய்க்காலுக்கு அழைத்துப் போனேன். கைகால் கழுவட்டும் என்று நின்றேன். அவர் கழுவிக்கொண்டே இருந்தார்.

"ஏன் கட்டைய விடமாட்டேன்னே?" என்றேன். "எனக்குப் பதில் சொல்லிடு. இல்லன்னா ஸ்டேஷன்ல சொல்லவேண்டி வரும். வெளையாட்டுக்குச் சொல்லல."

"நீங்க முதல்ல ஒண்ணு சொல்லுங்க சார். கட்டையே கட்டலன்னா முன்சக்கரம் தூக்குமா?"

"பொதைஞ்ச வண்டி அவ்வளவு சுளுவாத் தூக்காது. சக்கரம் சும்மாதான் சுத்தும். கட்டை அடியில சிக்கி நின்னுடுச்சுன்னா சக்கரம் சுத்த முடியாது. எஞ்சின் இழுக்கிற இழுப்பு எங்கயாவது போவணும்ல? சக்கரம் நின்னுடும், வண்டி அதைச் சுத்தி மேல எழும்பும். பின்னாடி மல்லாந்துடும்."

காத்தையன் கழுவுவதை நிறுத்தினார். "ஓட்டுறவன் குடிச்சிருந்தாத் தூக்குமா? குடிக்கலன்னாலும் தூக்குமா?"

பிறகு சொன்னார். போன வருஷம் சம்பா உழவின்போது அவர் தங்கை அஞ்சலையின் கணவர் மருதமுத்து, ஊர் மிராசுதாரின் டிராக்டரை ஓட்டினார். யாரும் அவருக்கு ஓட்டப் பழக்கவில்லை, பார்த்துப் பழகியது. வண்டி புதைந்தது. மிராசுதாரின் காரியக்காரர் கட்டையைக் கட்டச் சொன்னார். பக்கத்து வயலில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த காத்தையன் வந்து கட்டினார். வண்டி தலைகீழாக மல்லாந்து மருதமுத்துவைச் சேற்றில் அழுத்திவிட்டது. போலீஸ் வருவதற்கு முன்னால் காரியக்காரர் கட்டையை அவிழ்க்கச் சொன்னார். "வாயத் தொறந்தே, நீதான் கட்டுனேன்னு எழுதிக் குடுத்துருவேன்" என்றார். குடித்துவிட்டு ஓட்டினான், கவிழ்ந்தான் என்று ஊர் பேசியது. சாராயக் கடைகள் ஊருக்கு ஊர் திறந்திருந்த காலம். மருதமுத்து குடிக்கக்கூடியவர்தான். யாரும் மறுத்துக் கேட்கவில்லை.

"காலையில அவரு குடிச்சாரா இல்லையான்னு எனக்கே தெரியாது சார்," என்றார் காத்தையன். "குடியால கவுந்துச்சா, என் கட்டையால கவுந்துச்சான்னு யாரக் கேக்குறது? வண்டியத்தான் கேக்கணும்னு வந்தேன்."

இதைக் கேட்டு என் மனம் இளகியது என்று எழுதினால் வாசகருக்கு நன்றாக இருக்கும். உண்மையில் நான் நினைத்தது, இது அழகாகப் பொருந்துகிறதே, இத்தனை அழகாகப் பொருந்துவதற்கு எத்தனை நாள் யோசித்திருப்பார் என்பதுதான். ஸ்டேஷன் என்ற சொல்லை நான் சொன்ன பிறகுதானே இந்தக் கதை வெளியே வந்தது?

சபாபதி சாரும் அதையேதான் சொன்னார். "தங்கச்சி இருக்கால்ல? நாளைக்கு நீ நேராப் போயிப் பாரு. என்ன ஏதுன்னு சொல்லாத. சனிக்கிழமை இங்க வரச்சொல்லு. அதுவரைக்கும் அவன் மையத்தைவிட்டு நகரக் கூடாது."

வெள்ளிக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். ஊர் முனை டீக்கடையில் வழி கேட்டேன். "எந்த அஞ்சலை? அந்தக் குடிகாரன் பொண்டாட்டியா?" என்று கேட்டுவிட்டு வழி சொன்னார்கள். அஞ்சலை நாற்றங்காலில் இருந்தார். வரப்பிலேயே நின்று பேசினார்.

"சர்க்கார் ஆளு எதுக்கு எங்க அண்ணனப் பத்திக் கேட்டுக்கிட்டு வருது? என்னா பண்ணிச்சு?"

"ஒண்ணும் பண்ணலம்மா. ஒரு விவரம் கேக்கணும்."

"ஒண்ணும் பண்ணலன்னா எதுக்கு இம்மாந்தூரம் வரணும்?" சனிக்கிழமை மையத்துக்கு வரவேண்டும் என்றேன். "நீங்க முன்னாடி போங்க. நான் துணைக்கு ஆள் கூட்டிக்கிட்டு வரேன்," என்றார்.

சனிக்கிழமை முற்பகல் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியோடு வந்தார். கொட்டகையில் அண்ணனைப் பார்த்ததும் அவர் முதுகையும் முகத்தையும்தான் முதலில் பார்த்தார்; அடி விழுந்திருக்கிறதா என்று பார்த்தார் என்பது எனக்குப் புரிந்தது. சபாபதி சார் நாற்காலி போடச் சொன்னார். அஞ்சலை உட்காரவில்லை.

"உன் புருஷன் எப்படிம்மா எறந்தாரு?"

"குடிச்சிட்டு வண்டிய ஓட்டுனாரு. கவுந்துடுச்சு," என்றார் அஞ்சலை, மனப்பாடம்போல.

சபாபதி சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் காத்தையனைப் பார்த்தேன். அவர் அந்த இடத்தில் தங்கையிடமிருந்து தப்பித்துக்கொள்ள நினைத்திருந்தால் எதுவும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஸ்டேஷனுக்குப் போவதா, தங்கையிடம் உண்மையை ஒப்புக்கொள்வதா என்று வந்தால் பலபேர் ஸ்டேஷனுக்கே போவார்கள்.

"குடி இல்ல ஆயி," என்றார் தங்கையிடம். "கட்டை கட்டியிருந்துச்சு. அதனாலதான் தூக்குச்சு."

அஞ்சலை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தினி நாளு இல்லாத கட்டை இப்ப எங்கேர்ந்து வந்துச்சு? சர்டிபிகேட் குடுக்குறேன்னாங்களா? இவங்க சொல்லச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல ஆயி."

"அப்ப எனக்கு ஆறுதலுக்குச் சொல்றியா? எனக்கு வேணாம். நான் ஆறிட்டேன்."

துரைராஜ் தூணோரம் நின்றிருந்தார். சபாபதி சார் பஞ்சு வேஸ்டை மேசைமேல் வைத்தார். அதை அவர் கையைவிட்டு இறக்கி வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

"வண்டிய வயல்ல எறக்கச் சொல்லு," என்றார் என்னிடம். "அந்தப் பள்ளத்துலயே விடு. அந்தக் கட்டையும் சங்கிலியும் வேணும்."

நான் தடுத்தேன். அவர் கேட்கவில்லை. புதைந்த மூலையிலேயே வண்டியை நிறுத்தினோம். அவர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். இடது காலைக் கிளட்ச்சில் வைத்தார். "அன்னிக்கு எப்படிக் கட்டியிருந்துச்சோ அப்படியே கட்டு," என்றார் காத்தையனிடம்.

காத்தையன் சேற்றில் முழங்காலிட்டார். கட்டையைக் குறுக்கே தள்ளினார். சங்கிலியை வளையத்தில் விட்டு, இழுத்து, மறுபடி விட்டு முடிந்தார். கை தடுமாறவே இல்லை. முதல்தடவை கட்டுகிறவரின் கை அல்ல அது. வரப்பில் நின்ற அஞ்சலை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்கவேண்டியிருந்த கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். அவர் கேட்கவில்லை.

எல்லாரையும் விலகச் சொல்லிவிட்டு சபாபதி சார் மெல்லக் கிளட்ச்சை விட்டார். சங்கிலி இறுகியது. எஞ்சின் கனத்தது. முன்சக்கரம் இரண்டும் சேற்றைவிட்டுச் சப்தமில்லாமல் எழும்பின. அத்தனை பெரிய வண்டி ஒரு குதிரை மாதிரித் தலையைத் தூக்கியது. கிளட்ச்சை மிதித்தார்; தொப்பென்று விழுந்தது.

"இன்னொரு தரம்," என்றார் அஞ்சலை.

மறுபடியும் தூக்கியது, மறுபடியும் விழுந்தது.

அஞ்சலை வரப்பைவிட்டுச் சேற்றில் இறங்கி வண்டிக்குப் பக்கத்தில் வந்தார். அண்ணாந்து சபாபதி சாரின் முகத்தைப் பார்த்தார். எம்பி, அவர் மூச்சை முகர்வதுபோல ஒரு கணம் நின்றார்.

"நீங்க குடிச்சிருக்கீங்களாங்க?"

"இல்லம்மா," என்றார் சபாபதி சார்.

"குடிக்காமலே தூக்குதே," என்றார் அஞ்சலை, யாரிடமும் அல்லாமல்.

வரிசையை மீறி ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனுக்கு எதுவும் எழுதப்படவில்லை. திங்கட்கிழமை காத்தையன் பயிற்சிக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. ஆள் அனுப்பினோம். "எனக்குப் போதுங்க" என்று சொல்லியனுப்பினார். பயிற்சியில் பாதிக்குமேல் மிச்சமிருந்தது. லைசென்சு கிடைத்திருக்கும், வேலை கிடைத்திருக்கும். அதெல்லாம் அவர் வந்த காரணத்தில் சேரவில்லை. அதே அணியில் துரைராஜ் முதலாவதாகத் தேறினார். முன்சக்கரம் தூக்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்தான். அடுத்த சம்பாவில் தன் வயலில் வண்டி புதைந்தபோது கட்டையைத்தான் கட்டினார் என்று கேள்விப்பட்டேன். அவருக்குப் பலித்தது. கண்முன்னால் நடப்பதைப் பார்த்தாலே கற்றுவிடுவார்கள் என்று இப்போது வகுப்பெடுக்கிறவர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

அன்றைக்கு எஞ்சினை அணைத்த பிறகு அஞ்சலை கூண்டுச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"படைக்கிறப்பல்லாம் திட்டிக்கிட்டேதான் அவருக்குச் சோறு வச்சேன்," என்றார். "குடிகாரப் பயலே, என்னை இப்படி விட்டுட்டுப் போனியேன்னு."

காத்தையன், "ஆயி" என்று ஓர் அடி முன்னால் வந்தார். அஞ்சலை திரும்பவில்லை. குனிந்து சங்கிலியின் முடிச்சைப் பிடித்தார். வண்டியின் இழுப்பில் அது இறுகிப்போயிருந்தது, விரல் நுழையவில்லை. நகத்தால் கிண்டிப் பார்த்தார். உதவிக்குக் காத்தையன் கையை நீட்டினார்.

"நீ தொடாத," என்றார் அஞ்சலை.

காத்தையன் கையை இழுத்துக்கொண்டார். நான் இறங்கப்போனேன், சபாபதி சார் இருக்கையில் இருந்தபடியே வேண்டாம் என்று தலையசைத்தார். அஞ்சலை முடிச்சை அவிழ்க்க நெடுநேரம் ஆயிற்று. அவிழ்த்து முடித்துக் கட்டையை இழுத்து வரப்பில் போட்டார். பிறகு வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டு, துணைக்கு வந்தவளைக் கூட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தார். காத்தையன் அவர்களுக்குப் பின்னால், சத்தம் போட்டால் கேட்கிற தூரத்தில், சத்தம் போடாமல் போனார்.